யூகலிப்டஸ் தைலம், இலை, ஆவி: மருந்துக் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்மேற்குப் பருவமழை இலங்கை மலையகத்தின் ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் இறங்கிவிட்டால் எங்கள் பாமசியில் விற்றுத் தீர்பவை பரசிட்டமோல், இருமல் பாணி, யூகலிப்டஸ் தைலம். முதல் இரண்டையும் வாங்குபவர்கள் சாப்பாட்டுக்கு முன்பா பின்பா, எத்தனை மணிக்கு ஒரு தடவை என்று நின்று கேட்பார்கள். தைலம் வாங்குபவர் எதையும் கேட்பதில்லை. பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார். சந்தேகம் வீட்டுக்குப் போன பிறகுதான் வரும்; சில வீடுகளில் விபத்து நடந்த பிறகு வரும். அப்படித் திரும்பி வந்தவர்களும் தொலைபேசியில் கேட்டவர்களும் கேட்ட கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். நான் வைத்தியர் அல்ல, மருந்து கொடுப்பவன். வைத்தியரிடம் போக வேண்டிய இடத்தில் போங்கள் என்றுதான் எழுதியிருக்கிறேன்.

"மரத்து இலையிலிருந்து எடுத்த எண்ணெய்தானே அண்ணே? இயற்கை மருந்துக்கு எங்கிருந்து பக்க விளைவு வரும்?"

இலை வேறு, இலையிலிருந்து வடித்த எண்ணெய் வேறு. ஒரு கைப்பிடி இலையைக் கசக்கினால் விரலில் ஒட்டுவது ஒரு சொட்டுக்கும் குறைவு. ஒரு சிறு போத்தல் தைலம் வேண்டுமென்றால் கிலோக் கணக்கில் இலையைப் போட்டு வடிக்க வேண்டும். அப்படித் திரண்டு வருவதில் பெரும் பங்கு சினியோல் என்ற ஒரே இரசாயனம். மருந்துத் தரமான தைலத்தில் அது நூற்றுக்கு 70 பங்குக்குக் குறையாது. மூக்குத் திறந்த மாதிரி உணர வைப்பதும் அதுதான். அளவு மீறி உடம்புக்குள் போனால் மூளையை மந்தமாக்குவதும் அதுதான்.

பாட்டன் காலத்து வைத்தியம் என்று சொல்பவர்களிடம் நான் ஒன்று சொல்வதுண்டு. இந்த மரத்தின் பிறந்த ஊர் ஆஸ்திரேலியா. காற்றுத் தடுப்புக்கும் தேயிலைத் தொழிற்சாலை விறகுக்கும் என்று 19ஆம் நூற்றாண்டில் இந்த மலைகளுக்குக் கொண்டுவரப்பட்டது. ஆடாதோடையும் துளசியும் கொத்தமல்லியும் போலத் தலைமுறை தலைமுறையாக நம் ஆட்கள் அளவு பார்த்துப் பழகிய மருந்து அல்ல இது.

"எங்கள் தோட்டத்து எல்லையில் நிற்கும் டர்பன்டைன் மரமும் கடையில் விற்கும் தைலமும் ஒன்றுதானா?"

உறவுதான், ஆனால் ஒன்றல்ல. டர்பன்டைன் என்று நம் ஆட்கள் சொல்வதும் யூகலிப்டஸ் மரத்தைத்தான். மலையகத்தில் பலகைக்கும் விறகுக்குமாக அதிகம் நடப்பட்டிருப்பது கிராண்டிஸ் என்ற இனம். அதன் இலையில் சினியோல் குறைவு. மருந்துத் தைலத்துக்குப் பேர் பெற்ற குளோபுலஸ் இனத்தின் இளம் இலைகள் நீலம் பூத்த சாம்பல் நிறத்தில், காம்பில்லாமல், சோடி சோடியாகத் தண்டை அணைத்தபடி இருக்கும். கசக்கினால் எலுமிச்சை மணக்கும் இனம் இன்னொன்று. அதன் எண்ணெயில் இருக்கும் சரக்கே வேறு. ஆகவே "எங்கள் வீட்டுப் பின்னால் இருக்கிற மரம்" என்பதை வைத்து அளவு சொல்ல யாராலும் முடியாது.

பெயரைப் பார்த்து ஏமாறக்கூடிய ஆபத்து ஒன்றும் உண்டு. பெயிண்ட் கடையில் விற்கும் டர்பன்டைன் பைன் மரப் பிசினிலிருந்து எடுப்பது. அதை ஆவி பிடிக்கவோ தோலில் தேய்க்கவோ பயன்படுத்தக் கூடாது. ஹாட்வெயாரில் மலிவாகக் கிடைத்தது என்று வாங்கி வந்து காட்டியவர்கள் இருக்கிறார்கள்.

"தடிமன் பிடித்தால் ஆவி பிடிக்க எத்தனை துளி விட வேண்டும்?"

பெரியவர்களுக்கு ஒரு பாத்திரம் வெந்நீரில் இரண்டு அல்லது மூன்று துளி. அதற்கு மேல் விட்டால் சளி அதிகம் இளகாது, கண்தான் எரியும். தண்ணீரை அடுப்பிலிருந்து இறக்கி ஐந்து நிமிடமாவது ஆறவிட்டு, ஆடாத மேசையில் வைத்து, அதன் பிறகு துளிகளை விடுங்கள். கண்ணை மூடிக்கொள்ளுங்கள். ஐந்து முதல் பத்து நிமிடம் போதும். தலை சுற்றினாலும் நெஞ்சு இறுகினாலும் இருமல் கூடினாலும் உடனே நிறுத்திவிடுங்கள்.

அடுப்பில் கொதித்துக்கொண்டிருக்கும் பாத்திரத்தில் தைலத்தை ஊற்றவே கூடாது. அது தீப்பிடிக்கும் எண்ணெய். 50 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடானாலே அதன் ஆவி நெருப்பை இழுத்துக்கொள்ளும். விறகடுப்பு எரிகிற சின்னக் குசினியில் இதை விளையாட்டாக எடுக்க முடியாது.

ஆவி பிடிப்பதால் தடிமன் குணமாகிறதா என்றும் கேட்பார்கள். குணமாவதில்லை, கொஞ்ச நேரம் இதமாக இருக்கும். சாதாரணத் தடிமன் ஒரு வாரம் பத்து நாளில் தானாகவே போய்விடும்.

"பிள்ளையையும் மடியில் வைத்துப் போர்வைக்குள் ஆவி காட்டலாமா?"

வேண்டாம். இதற்கு நான் நீட்டி முழக்கிப் பதில் சொல்வது தைலத்துக்காக அல்ல, தண்ணீருக்காக. போர்வைக்குள் இருட்டு. பிள்ளைக்கு மூச்சு முட்டும், திமிறும், காலை உதைக்கும். பாத்திரம் மடியில் கவிழ்ந்தால் சூடு தொடையிலும் வயிற்றிலும் இறங்கும். ஈரமான போர்வை அந்தச் சூட்டை உடம்போடு ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். அவசரத்தில் போர்வையை உருவுவதற்குள் தோல் போய்விடும். கோவிட் காலத்தில் வீட்டுக்கு வீடு ஆவி பிடித்தபோது பல நாடுகளின் தீக்காய வைத்தியர்கள் இதைத்தான் எச்சரித்தார்கள்.

"எங்கள் ஊர்த் தண்ணீர் அவ்வளவு கொதிக்காது" என்று நுவரெலியாக்காரர் ஒருவர் வாதாடினார். பாதி உண்மை. கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும். ஆனால் 60 பாகைத் தண்ணீர் சில விநாடிகள் பட்டாலே ஆழமான தீக்காயம் வந்துவிடும், பிள்ளைத் தோலுக்கு அதைவிடச் சீக்கிரம். பிள்ளைக்கு மூக்கடைத்தால் உப்புநீர்ச் சொட்டு மருந்து கேளுங்கள். விலை குறைவு.

"பச்சைப் பிள்ளைக்கு மூக்கைச் சுற்றியும் நெஞ்சிலும் லேசாகத் தடவினால் நன்றாகத் தூங்குகிறதே?"

2 வயதுக்குக் கீழே தைலமும் வேண்டாம், விக்ஸ், சித்தாலேப போன்ற பாம்களும் வேண்டாம். கைக்குழந்தையின் மூச்சுக் குழாய் மிகவும் ஒடுங்கியது. சினியோல், மென்தால், கற்பூரம் இந்த மூன்றின் காரமும் மூக்கருகே பட்டால் தொண்டை இறுகி மூச்சு ஒரு கணம் நின்றுபோகலாம். விக்ஸ் டப்பாவின் அட்டையிலேயே 2 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குப் பூசக் கூடாது என்று அச்சடித்திருக்கிறது. அந்த எழுத்து பொடியாக இருப்பது நம்முடைய குற்றமல்ல. ஆனால் படிக்க வேண்டியது நாம்தான்.

2 வயதுக்கு மேல் பாம் பூசலாம்: நெஞ்சிலும் முதுகிலும் மட்டும், மூக்கிலும் உதட்டிலும் கண்ணோரத்திலும் அல்ல. பிள்ளை கையால் தொட்டுக் கண்ணில் தேய்க்காதபடி மேலே சட்டை போட்டுவிடுங்கள். மூக்கினுள் தேங்காயெண்ணெயோடு கலந்து சொட்டு விடும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. அந்த எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியாவாக மாறும். அதை அடியோடு விட்டுவிடுங்கள்.

"நன்றாகத் தூங்குகிறது" என்ற வார்த்தையைக் கேட்டால் எனக்குச் சந்தோஷம் வருவதில்லை. ஏன் என்பது இரண்டு கேள்விகள் தாண்டித் தெரியும்.

"சீனியில் இரண்டு துளி விட்டுச் சாப்பிட்டால் இருமல் நிற்கும் என்று அம்மாயி சொல்கிறார். கொடுக்கவா?"

கொடுக்காதீர்கள். பிள்ளைக்கு ஒரு துளிகூட வாய் வழியாகக் கூடாது. பெரியவர்களும் கடைத் தைலத்தைக் குடிக்கக் கூடாது. அம்மாயி கோபித்துக்கொள்வார், தெரியும். அவரிடம் கொத்தமல்லியும் இஞ்சியும் அவித்துத் தரச் சொல்லுங்கள். கோபம் ஆறும், இருமலுக்கும் இதமாக இருக்கும்.

சிக்கல் அந்த இரண்டு துளியோடு நிற்பதில்லை. பல போத்தல்களின் வாயில் துளித்துளியாக மட்டும் விழச் செய்யும் ஒரு பிளாஸ்டிக் அடைப்பு இருக்கும். அதைக் கத்தி முனையால் நெம்பி எடுத்துவிட்டுப் பயன்படுத்துகிறவர்களை நிறையப் பார்க்கிறேன், "சீக்கிரம் ஊற்றலாம்" என்று. அடைப்பில்லாத போத்தலைக் கரண்டிக்கு மேல் சாய்த்தால் இரண்டு துளி விழாது, அரைக் கரண்டி விழும். ஒரு தேக்கரண்டி என்பது 5 மில்லிலீற்றர். 2, 3 மில்லிலீற்றர் குடித்த சின்னப் பிள்ளைகளே மயக்க நிலைக்குப் போயிருக்கிறார்கள்.

"பிள்ளை போத்தலைத் திறந்து குடித்துவிட்டது. இப்போது என்ன செய்வது?"

வாந்தி எடுக்க வைக்காதீர்கள். தொண்டைக்குள் விரல் விடுவது, உப்புத் தண்ணீர் கொடுப்பது, புளி கரைத்து ஊற்றுவது எதுவும் வேண்டாம். இந்த எண்ணெய் வயிற்றில் இருப்பதைவிட, வாந்தியோடு மேலே வந்து நுரையீரலுக்குள் போவதுதான் பெரிய கேடு. வாயைத் துணியால் துடைத்துவிடுங்கள். தூக்கக் கலக்கமாக இருந்தால் ஒரு பக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். 1990 அழைத்தால் சுவசெரிய அம்பியூலன்ஸ் காசில்லாமல் வரும். தோட்டத்துப் பாதை மோசம், வண்டி ஏறி வர நேரமாகும் என்றால் கிடைக்கும் ஓட்டோவில் கிளம்பிவிடுங்கள். போத்தலை மறக்காமல் கையோடு கொண்டுபோங்கள். எவ்வளவு இருந்தது, இப்போது எவ்வளவு இருக்கிறது என்பதை வைத்தியர் முதலில் கேட்பார்.

வாய் எரிச்சல், இருமல், வாந்தி முதலில் வரும். மூச்சில் தைல வாசனை பலமாக அடிக்கும். பிறகு தள்ளாட்டம், தூக்கம், சில பிள்ளைகளுக்கு வலிப்பு, மோசமானால் நினைவிழப்பு. இது பத்து நிமிடத்திலும் தொடங்கலாம், நான்கு மணி நேரம் கழித்தும் தொடங்கலாம். ஆகவே "விளையாடிக்கொண்டுதானே இருக்கிறது" என்று வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள். தைலம் பூசியோ குடித்தோ ஒரு பிள்ளை அயர்ந்து தூங்குகிறது என்றால் அது சுகம் அல்ல, விஷத்தின் முதல் குறியாக இருக்கலாம். இதற்கு முறிவு மருந்து கிடையாது. மூச்சையும் நினைவையும் கவனித்துத் தாங்கிப் பிடிப்பதுதான் சிகிச்சை. அதற்கு ஆஸ்பத்திரி வேண்டும்.

"அப்படியானால் போத்தலை எங்கே வைப்பது? லயத்து வீட்டில் அலுமாரி ஏது?"

நியாயமான கேள்வி. தோட்டத்து லயத்தின் ஒற்றை அறைக் காம்பராவில் ஆறு பேர் இருக்கும் வீட்டில் "பிள்ளைகளுக்கு எட்டாத இடம்" என்று அட்டையில் எழுதுவது சுலபம். சாமிப்படத் தட்டும் கட்டிலுக்கு அடியும் எட்டாத இடங்கள் அல்ல. கூரை வளையோரம் ஆணியடித்து, மூடியுள்ள ஒரு டின்னைத் தொங்கவிட்டு, மண்ணெண்ணெய், எலிப் பாஷாணம் போன்றவற்றுக்குக் கொடுக்கும் மரியாதையை இதற்கும் கொடுங்கள். ஆவி பிடித்து முடிந்ததும் மூடியை இறுக்கி அதில் வைத்த பிறகுதான் போர்வையை மடிக்க வேண்டும். போத்தல் தரையில் கிடப்பது அந்த இரண்டு நிமிடத்தில்தான்.

இன்னொன்று. பழைய இருமல் பாணிப் போத்தலில் தைலத்தை ஊற்றி வைக்காதீர்கள். இரவு கரண்ட் இல்லாத நேரம் பாணி என்று நினைத்துக் கரண்டியில் வார்த்துப் பிள்ளைக்குக் கொடுத்துவிட இடமுண்டு. மெல்லிய பிளாஸ்டிக் போத்தலும் ஆகாது, இந்த எண்ணெய் சில பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். கடும் நிறக் கண்ணாடிப் போத்தல்தான் சரி.

"குடித்தால் விஷம் என்கிறீர்கள். இருமல் மிட்டாயிலும் வாய் கொப்பளிக்கும் மருந்திலும் யூகலிப்டஸ் என்று எழுதியிருக்கிறதே?"

அளவுதான் வித்தியாசம். லிஸ்டரின் வாய் கொப்பளிப்பில் சினியோல் 0.092 சதவீதம். கடைத் தைலத்தில் 70 சதவீதத்துக்கு மேல். மிட்டாயில் இருப்பதும் சிட்டிகையிலும் சிறிது. சின்னப் பிள்ளைக்கு மிட்டாயில் உள்ள பயம் தைலம் அல்ல, தொண்டையில் அடைப்பது.

"முழங்கால் வலிக்கு அப்படியே ஊற்றித் தேய்க்கலாமா? கொழுந்து எடுத்துவிட்டு வந்தால் கால் விண் விண் என்று தெறிக்கிறது."

தனியாகத் தேய்க்காதீர்கள், தேங்காயெண்ணெயில் கலந்து தேயுங்கள். ஒரு தேக்கரண்டி எண்ணெய்க்கு இரண்டு அல்லது மூன்று துளி. முதல் தடவை முழங்கையின் உட்புறத்தில் சிறிது பூசி ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். சிவந்தால், அரித்தால் அது உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. திறந்து நெடுநாளான பழைய போத்தல் தோலை இன்னும் அதிகமாகக் கடிக்கும். அட்டை கடித்த இடம், கவ்வாத்துக் கத்தி கீறிய இடம், சேற்றுப் புண், இவற்றின் மேல் படக் கூடாது. கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பூசிய இடத்தைத் துணியால் இறுக்கிக் கட்டுவதும் வெந்நீர் ஒத்தடம் கொடுப்பதும் தைலத்தை உள்ளே இழுக்கும். ஆஸ்திரேலியாவில் 6 வயதுச் சிறுமி ஒருத்திக்குத் தோல் தடிப்புக்காக யூகலிப்டஸ் தைலம் சேர்த்த வீட்டு மருந்தை உடம்பெல்லாம் பூசிக் கட்டுப் போட்டார்கள். தோல் வழியாகவே விஷமேறி, தள்ளாடி, நினைவு தவறினாள். மருந்தைக் கழுவி நீக்கிய பிறகு தேறினாள். வைத்திய சஞ்சிகையில் 1998இல் வெளிவந்த சம்பவம் இது. வாயால் போனால்தான் ஆபத்து என்று நினைப்பவர்களிடம் இதை நான் சொல்வேன்.

"கூடலூரிலிருந்து மாமா வந்தபோது ஊட்டித் தைலம் என்று நான்கு போத்தல் கொண்டுவந்தார். அது நம்முடையதைவிட நல்லதா?"

1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டுப் பிரிந்து போன சொந்தங்கள் நீலகிரியின் கூடலூரிலும் கோத்தகிரியிலும் குன்னூரிலும் இருக்கும்வரை இந்தப் போத்தல் வந்துகொண்டுதான் இருக்கும். பாசத்தோடு வருவதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பெயரட்டையைப் படித்துவிட்டுத் திறங்கள். ஊட்டிக் கடைகளில் யூகலிப்டஸ் தைலத்துக்குப் பக்கத்திலேயே வின்டர்கிரீன் தைலமும் எலுமிச்சைப் புல் தைலமும் அடுக்கியிருக்கும். நான்கு போத்தலும் ஒரே சரக்கு என்று நம்ப வேண்டாம்.

வின்டர்கிரீன் தைலத்தைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். அது மீதைல் சாலிசிலேற்று, அஸ்பிரின் குடும்பத்துச் சரக்கு. ஒரு தேக்கரண்டியில் இருப்பது இருபதுக்கு மேற்பட்ட அஸ்பிரின் மாத்திரைக்குச் சமம். பிள்ளை குடித்தால் உயிருக்கே ஆபத்து. கோடாலித் தைலம் போன்ற கலப்புத் தைலங்களிலும் வலி பாம் பலவற்றிலும் இதுவும் சேர்ந்தே இருக்கிறது. இருதய வருத்தத்துக்கு வோபரின் குடிப்பவர் இவற்றைத் தினமும் அள்ளிப் பூசினால் இரத்தம் மேலும் இளகி, எங்கேயாவது கசியத் தொடங்கலாம். வோபரின் எடுப்பவர்கள் பூசு தைலத்தையும் கிளினிக்கில் சொல்லுங்கள். "மாத்திரை மட்டும்தானே கேட்டார்கள்" என்று விட்டுவிடாதீர்கள்.

"தைலம் வேண்டாம், பச்சை இலையை அவித்துக் குளிக்கிறோம், கொஞ்சம் குடிக்கவும் செய்கிறோம். அதுவும் பிழையா?"

குளிப்பதில் பெரியவர்களுக்குப் பெரிய பயமில்லை. தோல் அரித்தால் நிறுத்துங்கள். பிள்ளை பெற்ற பச்சை உடம்புக்காரிக்கு இலை அவித்த தண்ணீரில் வேது பிடிப்பதும் குளிக்க வார்ப்பதும் உண்டு. தையல் போட்ட இடத்தில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பிள்ளையை அந்தத் தண்ணீரில் குளிப்பாட்டாதீர்கள்.

குடிப்பதற்கு எந்த இனத்து இலை என்பதே தெரியாது என்பதை இரண்டாவது கேள்வியில் சொன்னேன். அதற்கு மேல், தேயிலை மலைக்கும் உருளைக்கிழங்கு, லீக்ஸ் தோட்டத்துக்கும் ஓரமாக நிற்கும் மரத்தில், அங்கே அடித்த பூச்சி மருந்தெல்லாம் காற்றில் வந்து படிந்திருக்கும். குடல் புண், பித்தப்பைக் கோளாறு, ஈரல் வருத்தம் உள்ளவர்கள் இந்த இலைக் கஷாயத்தைத் தொடவே கூடாது.

"ஆஸ்துமாக்காரர் மோந்து பார்க்கலாமா? மூச்சு லேசாகிறது என்கிறார்."

லேசான மாதிரி இருக்கும். மூக்கில் குளிர்ச்சி தட்டுவதால் வரும் உணர்வு அது. சுருங்கிய மூச்சுக் குழாய் அதனால் விரிவதில்லை. சிலருக்குக் காரமான வாசனையே இழுப்பைக் கிளப்பிவிடும். இழுப்பு வரும் நேரத்தில் பம்பை எடுக்காமல் தைலத்தை மோந்துகொண்டு உட்கார்ந்திருப்பதுதான் உயிருக்கு உலை வைக்கும் வேலை. முதலில் வைத்தியர் கொடுத்த இன்ஹேலர்.

"தம்பிக்கு வலிப்பு இருக்கிறது. வீட்டில் மற்றவர்கள் தைலம் பூசலாமா?"

தம்பிக்குப் பூச வேண்டாம். அவர் படுக்கும் அறையில் ஆவி பிடிப்பதும் தலையணையில் துளி விடுவதும் வேண்டாம். சினியோலும் கற்பூரமும் வலிப்பைத் தூண்டக்கூடியவை. பெங்களூர் நரம்பியல் வைத்தியர்கள் 2017இல் யூகலிப்டஸ் தைலத்தை மோந்த பிறகு வலிப்பு வந்தவர்களைப் பற்றி எழுதினார்கள். அவர்களில் முன்பு வலிப்பே வராதவர்களும் இருந்தார்கள். மாத்திரையை ஒழுங்காகக் குடித்தும் வலிப்பு நிற்கவில்லை என்று சொல்பவரிடம் நான் இப்போதெல்லாம் முதலில் கேட்பது "தலைவலிக்கு என்ன பூசுகிறீர்கள்?" என்பதுதான். பதில் பெரும்பாலும் ஏதாவது ஒரு பாமின் பெயராக இருக்கும். அதைக் கிளினிக்கில் சொல்லச் சொல்லி அனுப்புகிறேன்.

"வயிற்றில் பிள்ளை இருக்கிறது. ஆவி பிடிக்கலாமா? பால் கொடுக்கும்போது?"

வாய் வழியாக எதுவும் கூடாது. மூக்கடைப்பு தாங்க முடியவில்லை என்றால் வெறும் வெந்நீர் ஆவியே போதும், தைலம் விடாமல். பால் கொடுப்பவர் மார்பிலோ கழுத்திலோ பூசக் கூடாது. பிள்ளையின் மூக்கு அங்கேதான் இருக்கும். மிட்வைஃப் வீட்டுக்கு வரும்போது வேறு என்ன பூசுகிறீர்கள், குடிக்கிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

"எனக்கு நீரிழிவு, பிரஷர் எல்லாவற்றுக்கும் மாத்திரை இருக்கிறது. தைலம் மாத்திரையோடு மோதுமா?"

எப்போதாவது இரண்டு துளி ஆவி பிடிப்பதால் மோத வாய்ப்புக் குறைவு. இலைக் கஷாயத்தை நாள் கணக்கில் குடிப்பவருக்குத்தான் கவனம் வேண்டும். மிருகங்களில் செய்த சோதனைகளில் இந்த இலை இரத்தச் சீனியைக் குறைத்திருக்கிறது. சினியோல், மருந்துகளை ஈரல் கரைக்கும் வேகத்தையும் மாற்றியிருக்கிறது. நீரிழிவு மாத்திரையோடு கஷாயமும் சேர்த்து, வெறும் வயிற்றில் மலைக்கு ஏறினால் நடுமலையில் வியர்த்துக் கண் இருட்டலாம். மாத்திரையை நிறுத்தி இலைக்கு மாறுவது அதைவிட மோசம்.

"கொசுவுக்குப் பூசினால் டெங்கு வராது என்கிறார்கள். இலையைப் புகை போடலாமா?"

யூகலிப்டஸ் வகையில் டெங்குக் கொசுவுக்கு எதிராகப் பரிந்துரைக்கப்படுவது எலுமிச்சை மணக்கும் இனத்து எண்ணெயைப் பக்குவப்படுத்தி எடுக்கும் பிஎம்டி என்ற சரக்கு. அதுகூட 3 வயதுக்குக் கீழே கூடாது. சாதாரண யூகலிப்டஸ் தைலம் கொஞ்ச நேரம் விரட்டும், அவ்வளவுதான். டெங்குக் கொசு கடிப்பது பகலில். இருட்டிய பிறகு போடும் புகை அதற்குத் தெரியாது. அடைத்த காம்பராவில் இலைப் புகை போட்டால் கொசுவுக்கு முன் பிள்ளைதான் இருமும். வாளியையும் பழைய டயரையும் கவிழ்த்து வையுங்கள்.

"ஜெர்மனியில் இதை மாத்திரையாகவே விழுங்கக் கொடுக்கிறார்களாம். நீங்கள் மட்டும் ஏன் பயம் காட்டுகிறீர்கள்?"

படித்துவிட்டு வந்து கேட்கும் பிள்ளைகளுக்கு நன்றி. செய்தி உண்மைதான். அங்கே சினியோலை மட்டும் பிரித்தெடுத்துச் சுத்தம் செய்து, வயிற்றில் கரையாமல் குடலில் போய்க் கரையும் உறைக்குள் அடைத்து விற்கிறார்கள். ஒரு மாத்திரையில் 100 அல்லது 200 மில்லிகிராம். ஆஸ்துமாவுக்கும் சைனசுக்கும் வழக்கமான மருந்தோடு சேர்த்துக் கொடுத்துச் சோதித்ததில் பலனும் கண்டிருக்கிறார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு தேக்கரண்டி கடைத் தைலத்தில் சினியோல் 3,000 மில்லிகிராமுக்கு மேல். பெரிய மாத்திரை பதினைந்தை ஒரே மூச்சில் விழுங்குவதற்குச் சமம், அதுவும் உறையில்லாமல். சரக்கு நல்லதா கெட்டதா என்று நான் சண்டை பிடிக்கவில்லை. போத்தலிலிருந்து கரண்டிக்குப் போகும் அளவை யாரும் அளப்பதில்லை என்பதுதான் என் பயம்.

"மூன்று வாரமாக இருமல். தைலம் தேய்க்கிறேன், ஆவி பிடிக்கிறேன், இரவில் குறைகிறது, காலையில் திரும்பி வருகிறது. வேறு நல்ல தைலம் இருக்கிறதா?"

இதற்குத் தைலமே விற்க மாட்டேன். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் காசநோய்க்குச் சளியைப் பரிசோதிக்க வேண்டும். மாலையில் காய்ச்சல், இரவில் வியர்வை, எடை குறைதல், சளியில் இரத்தம், இவற்றில் ஒன்று இருந்தாலும் நாளைக்கே போங்கள். அரச மார்பு சிகிச்சை நிலையத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். காசநோய் இல்லை என்று தெரிந்தால் அடுத்து பார்க்க வேண்டியது குசினிப் புகை. புகைபோக்கி இல்லாத அறையில் பச்சை விறகு எரித்துக்கொண்டே இருமலுக்குத் தைலம் தேய்ப்பவர்கள் ஏராளம். விறகைக் காயவைத்து, புகை வெளியேற வழி செய்தாலே பாதி இருமல் போய்விடும் வீடுகள் உண்டு.

சளிப் பரிசோதனைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: காலையில் எழுந்ததும் வாயை வெறும் தண்ணீரால் கொப்பளித்துவிட்டு, ஆழமாக மூச்சிழுத்து, நெஞ்சிலிருந்து இருமி எடுத்த சளியைக் குப்பியில் துப்புங்கள். எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் மறுபடியும் வரச் சொல்வார்கள், பஸ் காசும் அரை நாள் கூலியும் வீண்.